பிரேக் போட்டது யார்?

"சனிக்கிழமை வந்துடுடா. பையன் கார் வாங்கியிருக்கான். அதுல என்னென்னமோ செட் பண்ணணுமாம். உனக்குத்தான் இதெல்லாம் தெரியுமே" என்று அக்கா போன் செய்தாள்.

பத்திரிகைக்காரனுக்கு எல்லாம் தெரியும் என்று எங்கள் குடும்பத்தில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பதில் ஆரம்பித்து, பக்கத்து வீட்டுக்காரரின் சிறுநீரகக் கல் வரைக்கும் என்னைத்தான் கேட்பார்கள். நான் படித்தது பி.காம். காரைப் பற்றி எனக்குக் கல்லூரியில் சொல்லிக் கொடுத்தது ஒன்றே ஒன்று: அது வருஷா வருஷம் தேய்மானம் கழிக்க வேண்டிய ஒரு சொத்து. ஆனாலும் அக்கா கூப்பிட்டால் போய்த்தானே ஆகவேண்டும்? அதிலும் அவள் குரலில் சந்தோஷத்தைவிடக் கவலை கொஞ்சம் தூக்கலாக இருந்தது.

அக்காவைக் கொடுத்திருப்பது ஏம்பலத்தில். வில்லியனூரைத் தாண்டி நெல் வயலும் கரும்புமாகப் போகிற வழி. புதுச்சேரியின் மேப்பை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஒரே துண்டாக இருக்காது. கடலூர், விழுப்புரம் மாவட்டங்களுக்கு நடுவே கிழித்துப் போட்ட காகிதம் மாதிரி சிதறிக் கிடக்கும். பஸ்ஸில் ஒரு குட்டித் தூக்கம் போட்டு விழித்தால், இருப்பது தமிழ்நாடா புதுச்சேரியா என்று கடைப் பலகையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

பி.ஒய். 01 என்று நம்பர் பிளேட் மாட்டிய பெரிய பெரிய கார்களைச் சென்னையிலும் கொச்சியிலும் பார்த்திருப்பீர்கள். அவற்றில் பல புதுச்சேரிக் காற்றையே சுவாசித்திருக்காது. இங்கே சாலை வரி குறைவு, அதனால் பதிவு மட்டும் இங்கே. 2017-ல் கேரளாவில் இது பெரிய விவகாரமாக வெடித்தது. சினிமாக்காரர்கள் உட்படப் பலருடைய சொகுசு கார்கள் புதுச்சேரி முகவரிகளில் பதிவாகியிருப்பது வெளியே வந்து, வழக்கு விசாரணை என்று போனது.

என் அக்கா மகன் விஷயத்தில் அந்தச் சந்தேகமே வேண்டாம். முகவரி நிஜம். காரும் நிஜமாகவே அந்த முகவரியில், மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்தில், தார்ப்பாய் போர்த்தி நின்றுகொண்டிருந்தது.

பையன் பெங்களூரில் சாஃப்ட்வேர். அவன் வேலை பார்த்த கம்பெனியை இன்னொரு பெரிய கம்பெனி வாங்கியதில், சம்பளத்தோடு சேர்த்துக் கொடுத்திருந்த பங்குகள் ஒரே நாளில் பணமாகிவிட்டன. சின்ன வயதிலிருந்து ஸ்போர்ட்ஸ் கார் பைத்தியம். 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் அஜித் அணி தன் பிரிவில் 3-வது இடம் பிடித்தபோது, இவன் இங்கே தூங்காமல் லைவ் பார்த்தவன். அம்மாவிடம் காரின் விலையில் பாதியைத்தான் சொல்லியிருந்தான். அந்தப் பாதிக்கே அவள் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

தார்ப்பாயை விலக்கினான். சிவப்பு. இரண்டே கதவு. தரையோடு தரையாக ஒட்டிக்கொண்டு நின்றது. தெருப் பிள்ளைகள் ஏற்கெனவே வட்டம் கட்டியிருந்தார்கள்.

"வாங்க மாப்ளே" என்றார் அக்கா வீட்டுக்காரர். "இதுக்குள்ள உக்காரணும்னா முதல்ல உடம்பை மடிக்கக் கத்துக்கணும்."

அவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பாண்டி - மடுகரை தடத்தில் பிரைவேட் பஸ் ஓட்டியவர். 28 வருஷம். இப்போது ரிட்டயர்டு. வீட்டில் மாடு, வாசலில் ஈஸி சேர், கையில் பேப்பர். எதற்கும் அதிகம் பேச மாட்டார்.

மருமகன் என்னைப் பக்கத்து சீட்டில் உட்கார வைத்துக் கதவைச் சாத்தினான். எதிரே ஒரு திரை, எங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டரைவிடக் கொஞ்சம் பெரிது. உயிர் வந்ததும் அது முதலில் கேட்ட கேள்வி: 'நிபந்தனைகளை ஏற்கிறீர்களா?'

"ஏத்துக்கோங்க மாமா. ஏத்துக்கலைன்னா மேல போகாது."

நான் விரலை வைக்கவில்லை. பி.காம். படித்தவனுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. ஒரு கம்பெனியின் ஆண்டறிக்கையைக் கொடுத்தால் சேர்மன் சிரிக்கிற முன் பக்கத்தைப் பார்க்க மாட்டான். நேரே கடைசிக்குப் போய், பொடி எழுத்தில் போட்டிருக்கும் கணக்குக் குறிப்புகளைப் படிப்பான். நிஜம் அங்கேதான் இருக்கும். கார் ஷோரூமில் பார்ப்பது முன் பக்கம் என்றால், இந்த நிபந்தனைகளும் அந்தத் தடிமனான கையேடும்தான் கடைசிப் பக்கக் குறிப்புகள்.

படிக்கப் படிக்கச் சுவாரசியம். எங்கே போகிறோம், எவ்வளவு வேகம், எப்போது பிரேக், யாருக்குப் போன் எல்லாவற்றையும் சேகரித்துக்கொள்ளக் கார் அனுமதி கேட்கிறது. 2023-ல் மொஸில்லா அறக்கட்டளை 25 கார் பிராண்டுகளின் அந்தரங்கக் கொள்கைகளை அலசிப் பார்த்தது. ஒன்றுகூடப் பாஸாகவில்லை. அவர்கள் அதுவரை பரிசோதித்த பொருள்களிலேயே மோசமான ரகம் கார்தான் என்று சொல்லிவிட்டார்கள்.

"அதனால என்ன மாமா? நான் என்ன கொலையா பண்ணப் போறேன்?" என்றான். ஆனாலும் 'விளம்பரத் தேவைக்காகப் பகிரலாமா' என்ற இடத்தில் மட்டும் வேண்டாம் என்று அழுத்த வைத்தேன். அழுத்தினாலும் கார் ஓடியது. எல்லாவற்றுக்கும் தலையாட்ட வேண்டியதில்லை என்பது அன்றைக்குக் கற்ற முதல் பாடம்.

அடுத்து, குரலில் கட்டளையிடும் வசதி. "ஏம்பலத்துக்குப் போ" என்றான். கார் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, சிதம்பரத்துக்கு வழி போட்டது. அம்பலம் என்றால் தில்லை அம்பலம்தானே? எங்கேயோ தமிழ் படித்த கார் போலிருக்கிறது. நாலு தடவை சொல்லியும் கேட்கவில்லை. கடைசியில் வீட்டு வாசலிலேயே நிறுத்தி, 'இதுதான் வீடு' என்று மேப்பில் குறித்துவைத்தோம்.

இந்த நேரத்தில் அக்கா வீட்டுக்காரர் ஜன்னல் பக்கம் குனிந்தார்.

"சாவியே இல்லாம கதவு தானா திறக்குதே, பேட்டரி இறங்கிட்டா எப்படித் திறக்கும்?"

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஷோரூமில் இவன் ஒரு மணி நேரம் இருந்திருக்கிறான். எந்த மோடில் எத்தனை வினாடியில் 100 கிலோமீட்டர் வேகம் வரும் என்று கேட்டிருக்கிறான். இதைக் கேட்கவில்லை.

விளையாட்டுக் கேள்வி இல்லை இது. 2003 மே மாதம் பாங்காக்கில் தாய்லாந்து நிதியமைச்சரின் காரில் கம்ப்யூட்டர் செயலிழந்துபோய், கதவு, ஜன்னல், ஏ.சி. எதுவும் வேலை செய்யவில்லை. அமைச்சரும் டிரைவரும் வெயிலில் உள்ளே மாட்டிக்கொண்டார்கள். காவலர் ஒருவர் சம்மட்டியால் கண்ணாடியை உடைத்துத்தான் வெளியே எடுத்தார். அமைச்சருக்குக் காவலர் இருந்தார். நமக்கு?

கையேட்டைப் புரட்டினோம். ரிமோட்டுக்குள்ளேயே சின்னதாக ஒரு இரும்புச் சாவி ஒளிந்திருக்கிறது. கதவுக் கைப்பிடியில் ஒரு மூடியை நெம்பினால் அதற்கான துளை தெரிகிறது. அதை மூன்று பேரும், அக்கா உட்பட, ஒருமுறை திறந்து பார்த்தோம். உங்கள் வீட்டில் சாவியில்லாக் கார் இருந்தால், இந்தப் பக்கத்தை மூடிவைத்துவிட்டுப் போய் முதலில் இதைத் தேடிப் பாருங்கள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் ஏம்பலத்துக்கே உரிய வேடிக்கை. இந்த மாதிரித் தாழ்வான கார்களில் சிலவற்றுக்கு மூக்கைத் தூக்கும் வசதி உண்டு. ஸ்பீடு பிரேக்கர் வந்தால் பட்டனைத் தட்ட வேண்டும். முன்பக்கம் நாலு சென்டிமீட்டர் போல உயரும். அந்த இடத்தை ஜி.பி.எஸ். மூலம் ஒருமுறை சேமித்துவைத்துவிட்டால், அடுத்த தடவை அங்கே வரும்போது கார் தானாகவே மூக்கைத் தூக்கிக்கொள்ளும்.

ஐரோப்பாவில் ஒருத்தருக்கு வீட்டு வாசல் ஏற்றம், ஆபீஸ் பார்க்கிங் என்று இரண்டு மூன்று இடம் இருக்குமாக இருக்கும். நம்ம ஊரில்? பள்ளிக்கூடத்துக்கு ஒன்று, கோயிலுக்கு ஒன்று, கோபக்காரர் ஒருவர் தன் வீட்டு வாசலில் தானே சிமென்ட் குழைத்துப் போட்டுக்கொண்டது ஒன்று. அக்கா வீட்டுக்காரர் பின் சீட்டில் எப்படியோ உடம்பை மடித்து உட்கார்ந்துகொண்டு, பார்க்காமலேயே சொல்லிக்கொண்டு வந்தார்.

"அந்த வேப்பமரம் தாண்டினதும் ஒண்ணு. இது இடது பக்கம் கொஞ்சம் உயரம். அடுத்தது, பெயின்ட் அடிக்காதது, ராத்திரியில கண்ணுக்கே தெரியாது."

ஒவ்வொன்றாகச் சேமித்தோம். அரை மணி நேரத்தில் 11 இடம். செயற்கைக்கோளை வைத்துக்கொண்டு கார் மனப்பாடம் செய்ததை, மனுஷன் 28 வருஷமாக இடுப்பு எலும்பால் மனப்பாடம் செய்து வைத்திருந்தார்.

மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு பாதுகாப்புப் பக்கத்துக்கு வந்தோம். இங்கேதான் சண்டை.

முன்னால் போகிற வண்டிக்கும் நமக்கும் இடைவெளி குறைந்தால் எச்சரிக்கை. மோதப் போகிறோம் என்றால் தானே பிரேக். கோட்டைத் தாண்டினால் ஸ்டியரிங்கை உள்ளே இழுக்கும். டிரைவர் கண் மூடினால் காபிக் கோப்பைப் படம் போட்டு எழுப்பும். இதைத் தவிர, 2019 ஜூலையிலிருந்து இந்தியாவில் எல்லாப் புதுக் கார்களுக்கும் கட்டாயமாக்கப்பட்ட வேக எச்சரிக்கை. 80-ஐத் தாண்டினால் விட்டு விட்டுக் கத்தும். 120-ஐத் தாண்டினால் விடாமல் கத்தும்.

"இதையெல்லாம் ஆஃப் பண்ணப் போறேன் மாமா. நம்ம ரோட்டுல ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை பீப் பீப்னு கத்துது. வண்டி ஓட்டற சுகமே போச்சு."

அவன் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. நெல் அறுப்பு நேரத்தில் பாதிச் சாலையில் நெல் காயும். மீதிப் பாதியில் பஸ், மாடு, டிராக்டர், நாம் எல்லோரும் போகவேண்டும். அங்கே கோடு எங்கே இருக்கிறது, கார் பிடித்து இழுக்க? கையேடே ஒப்புக்கொள்கிறது. அழிந்த கோடு, சேறு படிந்த கேமரா, எதிர்வெயில், கனமழை, வழக்கமில்லாத உருவம் இதிலெல்லாம் வேலை செய்யாமல் போகலாம் என்று பக்கம் பக்கமாகப் பட்டியல். ஒவ்வொரு பட்டியலின் முடிவிலும் ஒரே வாக்கியம்: பொறுப்பு ஓட்டுநருடையது.

நான் அவனுக்கு ரால்ஃப் டீட்டர் கதையைச் சொன்னேன். அமெரிக்க எஞ்சினீயர். ஐந்து வயதில் ஒரு விபத்தில் பார்வை போய்விட்டது. அவருடைய வக்கீல் காரை ஓட்டிக்கொண்டே பேசுகிறவர். பேசும்போது வேகம் குறையும், கேட்கும்போது கூடும். பக்கத்தில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி வெறுத்துப்போனவர், வேகத்தை ஒரே சீராக வைத்திருக்க ஒரு கருவி கண்டுபிடித்தார். 1950-ல் காப்புரிமை. 1958-ல் கிறைஸ்லர் கார்களில் வந்தது. இன்றைக்கு உன் காரில் இருக்கிற க்ரூஸ் கன்ட்ரோல் அதுதான். "கண்ணு தெரியாத மனுஷன், கண்ணு தெரிஞ்சவன் சரியா ஓட்டலைன்னு கண்டுபிடிச்சதுடா அது" என்றேன்.

சிரித்தான். ஆனால் விரல் 'ஆஃப்' பக்கமே இருந்தது.

கொல்லைப்பக்கம் கை கழுவப் போனபோது அக்கா பின்னாலேயே வந்தாள். செட் பண்ண என்னைக் கூப்பிடவில்லை என்பது அப்போதுதான் புரிந்தது.

"ராத்திரியெல்லாம் தூக்கம் இல்லடா. ரோட்டுல வண்டிச் சத்தம் கேட்டா எழுந்து உக்காந்துக்கறேன். அவங்க அப்பா சொன்னா கேக்க மாட்டான். நீ சொன்னா கேப்பான். மெதுவாப் போகச் சொல்லுடா."

2022-ம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள் என்பது மத்திய அரசின் கணக்கு. இந்த மாதிரி எண்களை நான் எத்தனையோ கட்டுரைகளில் எழுதியிருக்கிறேன். அதற்குப் பின்னால் இருட்டில் எழுந்து உட்கார்ந்திருக்கும் அக்காக்களை நினைத்துப் பார்த்ததில்லை. "சொல்றேன்க்கா, நான் பார்த்துக்கறேன்" என்றேன், ரொம்பப் பெரிய மனுஷன் மாதிரி.

எதையும் அணைக்காமல் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு பண்ணலாம் என்று அவனைச் சம்மதிக்க வைத்தேன். சாயந்திரம் கிளம்பினோம். அவன் ஓட்ட, நான் பக்கத்தில், அப்பா பின்னால். வில்லியனூர் பக்கம் போய்விட்டுத் திரும்பும்போது இருட்டிவிட்டது. கோடு போட்டிருந்த இடத்தில் ஸ்டியரிங் லேசாக உள்ளே இழுத்தபோது, யாரோ கையைப் பிடித்த மாதிரி திடுக்கிட்டான். பழகிக்கொண்டான். நன்றாகத்தான் ஓட்டினான். நெல் காயும் இடத்தில் நிதானமாக ஒதுங்கினான். வெளியே வந்ததும் 60-ல் போய்க்கொண்டிருந்தோம்.

எனக்கு முதுகு சில்லென்று இருந்தது. சீட்டுக்குள்ளிருந்து காற்று வருகிற வசதி. மதியம் ஆர்வக் கோளாறில் நானேதான் போட்டிருந்தேன்.

"டேய், இந்த சீட்டுக் காத்தை நிறுத்தேன், முதுகு விறைக்குது."

"அது ஸ்க்ரீன்ல இருக்கு மாமா. கார், அப்புறம் சீட், அப்புறம்..."

அவன் திரையைப் பார்த்தான். நானும் பார்த்தேன். ஒரு பட்டியலில் ஆறேழு ஐட்டம் இருந்தது. "அது இல்லடா, கீழ, கீழ..." என்று நான் சொல்லிக்கொண்டிருந்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது.

"டேய், முன்னாடி பாரு!"

பின்னாலிருந்து வந்த அந்தச் சத்தத்தை நான் ஜென்மத்துக்கும் மறக்க மாட்டேன். பெல்ட் நெஞ்சை அறுத்தது. கார் முனகிக்கொண்டே நின்றது. ஹெட்லைட் வெளிச்சத்தில் ஒரு சைக்கிள். கேரியரில் சைக்கிளைவிடப் பெரிய புல்லுக்கட்டு. பின்னால் விளக்கு இல்லை. சிவப்பு வில்லை இருந்திருந்தாலும் புல் மறைத்திருக்கும். அந்தப் பெரியவர் திரும்பிப் பார்த்தார். ஒரு சுமை ஆட்டோ ஹாரன் அடித்தால் எப்படி ஒதுங்குவாரோ, அப்படிச் சாதாரணமாக ஒதுங்கி வழிவிட்டு, மிதித்துக்கொண்டு போய்விட்டார். ஆறேழு அடிதான் இருந்திருக்கும்.

60 கிலோமீட்டர் வேகம் என்றால் வினாடிக்கு 16 மீட்டருக்கு மேல். மூன்று வினாடி திரையைப் பார்த்தால் 50 மீட்டர் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டியதற்குச் சமம். கணக்கு எனக்கு வரும். ஆனால் அந்த நேரத்தில் வரவில்லை.

வண்டியை ஓரம் கட்டினான். கை நடுங்கியது. கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னான்.

"கார்தான் மாமா பிரேக் போட்டது. சிவப்பா ஒரு படம் வந்துச்சு."

"இல்லடா" என்றார் அப்பா. "நான் கத்தினதும் நீ மிதிச்சே. உன் தோள் அசைஞ்சது எனக்குத் தெரிஞ்சது."

என்னைப் பார்த்தார்கள். நான் என்ன சொல்ல? நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்றுவரை விடை தெரியாது. கார் போட்டிருக்கலாம். அமெரிக்காவில் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கான இன்சூரன்ஸ் கழகம் என்று ஒன்று இருக்கிறது. தானே பிரேக் போடும் கார்கள் முன்னால் போகும் வண்டியின் பின்னால் மோதுவது பாதியாகக் குறைந்திருப்பதாக அவர்கள் கணக்குச் சொல்கிறார்கள். அதே கழகம் 2022-ல் இன்னொரு ஆய்வையும் வெளியிட்டது. பாதசாரிகளைக் கண்டு நிற்கும் வசதி அவர்கள் மீது மோதுவதை 27 சதவீதம் குறைக்கிறது. ஆனால் தெருவிளக்கு இல்லாத இருட்டுச் சாலையில் அதனால் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. எங்கே நமக்கு மிகவும் தேவையோ, அங்கே அது கை கொடுக்கவில்லை. புல்லுக்கட்டு சுமந்த சைக்கிளை அது எந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளும் என்பது அதற்கே வெளிச்சம்.

அன்று ராத்திரி மருமகன் எதையும் ஆஃப் செய்யவில்லை. மறுநாள் காலை எழுந்து பார்த்தால், அப்பாவும் பிள்ளையும் காருக்குள் இருந்தார்கள். அப்பா டிரைவர் சீட்டில். திரை அணைந்திருந்தது.

"முதல்ல சீட்டு. பிரேக்கை முழுசா மிதிச்சாலும் முழங்கால் கொஞ்சம் மடங்கியிருக்கணும். அப்புறம் கண்ணாடி. உன் வண்டியோட பக்கவாட்டு கொஞ்சமாத் தெரிஞ்சா போதும், மீதி ரோடு தெரியட்டும். வைப்பர், ஹெட்லைட், ஹாரன், நாலு இண்டிகேட்டர். இதையெல்லாம் பார்க்காம, கை தானா போய்த் தொடணும். கண்ணை மூடிக்கிட்டு தொட்டுக் காட்டு."

அவன் கண்ணை மூடித் தொட்டுக் காட்டினான். மூன்று முறை தப்பு. நாலாவது முறை சரி.

எனக்கு ஸ்வீடனில் 2022-ல் ஒரு கார் பத்திரிகை நடத்திய சோதனை ஞாபகம் வந்தது. மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டிக்கொண்டே சூட்டைக் கூட்டுவது, ரேடியோ ஸ்டேஷனை மாற்றுவது மாதிரி நாலு சின்ன வேலைகளைச் செய்யச் சொன்னார்கள். டிரைவர்களுக்குப் பழகிக்கொள்ள முன்கூட்டியே நேரமும் கொடுத்தார்கள். புத்தம்புதுத் தொடுதிரைக் கார்களோடு, பட்டன் வைத்த 2005 மாடல் பழைய வோல்வோ ஒன்றும் போட்டியில் இருந்தது. பழைய வோல்வோவில் 10 வினாடியில் முடிந்தது. அதற்குள் கார் ஓடிய தூரம் 306 மீட்டர். கடைசியாக வந்த புதுக் காரில் 44.6 வினாடி. 1,372 மீட்டர். ஒன்றேகால் கிலோமீட்டருக்கு மேல், கண் ரோட்டுக்கும் திரைக்குமாக அல்லாடிக்கொண்டு!

ஐரோப்பாவில் கார்களுக்குப் பாதுகாப்பு நட்சத்திரம் கொடுக்கும் யூரோ என்கேப் அமைப்புக்கு இது உறைத்திருக்கிறது. இண்டிகேட்டர், ஹாரன், வைப்பர், அபாய விளக்கு, அவசர அழைப்பு இந்த ஐந்துக்கும் கையால் தொட்டு இயக்கும் பட்டனோ நெம்புகோலோ இருந்தால்தான் முழு மதிப்பெண் என்று 2026-லிருந்து விதி வைத்திருக்கிறார்கள். அக்கா வீட்டுக்காரர் இதையெல்லாம் படித்தவர் இல்லை. ஆனால் கண்ணை மூடித் தொடச் சொன்னார்.

பிறகு மூன்று பேரும் உட்கார்ந்து, ஓடாத காரில், மிச்ச வேலையை முடித்தோம். எச்சரிக்கை எதையும் அணைக்கவில்லை, சத்தத்தை மட்டும் குறைத்தோம். கோட்டுக்குள் இழுப்பதை ஊருக்குள் நிறுத்திவைக்க ஸ்டியரிங்கிலேயே இருந்த பட்டனை ஒதுக்கினோம். அடிக்கடி வேண்டியதைத் திரையின் முதல் பக்கத்துக்குக் கொண்டுவந்தோம். சீட்டுக் காற்று உட்பட. போன் வந்தால் யார் என்று மட்டும் சொல்லும், செய்தியைத் திரையில் காட்டாது. ஒரு வெள்ளைத் தாளில் அவனே எழுதி டாஷ்போர்டுக்குள் வைத்துக்கொண்டான்: 'நிற்கும்போது செய்யாததை ஓடும்போது செய்யாதே.'

இதற்குத்தான் இந்தக் கதை. செட்டிங்ஸ் என்பது காருக்கு நாம் சொல்லிக்கொடுப்பது என்று நினைத்துக்கொண்டு போனேன். இல்லை. எதையெல்லாம் இந்தக் கார் பார்க்காது என்று நாம் கற்றுக்கொள்வதுதான் அது. நின்றுகொண்டு கற்றுக்கொண்டால் மூன்று மணி நேரம் ஆகும். ஓடிக்கொண்டு கற்றுக்கொண்டால் மூன்று வினாடி போதும், அந்த மூன்று வினாடியில் யாரோ ஒருவர் புல்லுக்கட்டோடு வந்துகொண்டிருப்பார்.

கடைசியாகத் திரை ஒன்று கேட்டது: 'விபத்து நேர்ந்தால் யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும்?'

"அம்மா நம்பர் போடவா?" என்றான்.

"வேணாம். அவ தாங்க மாட்டா. என் நம்பரைப் போடு" என்றார் அப்பா. அவன் ஒவ்வொரு எண்ணாக அழுத்துவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அழுத்தி முடித்ததும், காரிலிருந்து சிரமப்பட்டு வெளியே வந்து, வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு சொன்னார்:

"போட்டுட்டே இல்ல? அந்த போன் எனக்கு வரவே கூடாது."

கிளம்பும்போது அக்கா பஸ் ஸ்டாப் வரை வந்தாள். "எல்லாம் செட் பண்ணிட்டீங்களா? அவன்கிட்ட சொன்னியா?" என்றாள்.

"சொல்லிட்டேன்க்கா. கேட்டுக்கிட்டான்."

சைக்கிள் விஷயத்தை அவளிடம் நாங்கள் மூவருமே சொல்லவில்லை. சீட்டுக் காற்றை நிறுத்தச் சொன்னது யார் என்பதையும். அவள் இந்தப் பக்கத்தை ஒரு வாரம் விடாமல் படிக்கிறவள். அக்கா, போனை எடுத்துத் திட்டுவதாக இருந்தால் என்னை மட்டும் திட்டு. அவனை விட்டுவிடு.